உட்கார ஒரு ஸ்டூல் கேட்டபோது

கோயம்புத்தூரில் வளர்ந்தவர்கள் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள்: "கொடி புடிச்சா மில்ல மூடிப்போடுவாங்க." என் அம்மா இதைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார். அப்பா பஞ்சாலையில் ஸ்பின்னிங்கில் இருந்தவர். மில் மூடியதும் மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். மூடியதற்குப் பஞ்சு விலை, பழைய மெஷின், கரன்ட் பிரச்சினை, மில் இருந்த இடத்தின் விலை ஏறியது என்று எத்தனையோ காரணங்கள் இருந்தன. தெருவில் பழி மட்டும் சங்கத்தின் மேல் விழுந்தது. 1946 ஜனவரி 8 அன்று, சங்கத்தில் இருந்த சின்னியம்பாளையத்து மில் தொழிலாளிகள் நான்கு பேரை இதே ஊர்ச் சிறையில் தூக்கில் போட்டார்கள். அந்த நான்கு பெயர்களை எங்கள் தெருவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் தீபாவளிக்கு மில் போனஸ் வந்து இறங்கிய வீடுகள்தான் அத்தனையும்.

அப்படி வளர்ந்த நான், பின்னால் ஒரு ஜவுளிக்கடையில் சேலை செக்ஷனில் வேலை பார்த்தபோது, உட்கார ஒரு ஸ்டூல் கேட்டேன். கொடி, கோஷம், கைது எதுவும் அதில் கிடையாது. ஆனாலும் ஒருவர் கேள்வி கேட்க ஆரம்பித்தால் சுற்றியிருப்பவர்கள் அவரை எப்படிப் பார்க்கிறார்கள், அந்தப் பார்வை எதனால் மாறுகிறது என்பதையெல்லாம் அந்தக் கடையின் இரண்டாவது மாடியில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். இனி கேட்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

ஜவுளிக்கடை வேலை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலை ஒன்பதரைக்குள் உள்ளே இருக்க வேண்டும். வெளியே வர ராத்திரி ஒன்பதரை, முகூர்த்த சீசனில் அதற்கும் மேல். சாப்பாட்டு நேரம் தவிர மற்றதெல்லாம் நின்றபடிதான். கஸ்டமர் இருக்கும்போது நிற்பதைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. சேலையை எடுத்து, விரித்து, முந்தியைக் காட்ட நின்றுதான் ஆக வேண்டும். ஆடி முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு மாடி முழுக்க ஒருவரும் இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டும் என்பதுதான் பிரச்சினை. ரேக்கில் சாய்ந்தால் சூப்பர்வைசர் வருவார். ஏற்கெனவே மடித்து வைத்த சேலையைப் பிரித்து மறுபடி மடிக்கச் சொல்வார். தலைக்கு மேல் கேமரா இருக்கும். ஆட்கள் உட்கார்ந்திருந்தால் கடை டல்லாகத் தெரியும், வருகிறவர்களுக்கு மரியாதை இல்லாமல் போகும் என்பது முதலாளிகளின் நம்பிக்கை.

டைல்ஸ் தரை, வெறுங்கால். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மெட்டி இறுக ஆரம்பிக்கும். எனக்கு மட்டும்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் லஞ்ச் ரூமில் பக்கத்தில் இருந்தவர் சோப்புத் தண்ணீர் தொட்டு மெட்டியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டதைப் பார்த்ததும்தான் விரல் வீக்கம் எல்லோருக்கும் பொது என்று புரிந்தது. கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகப் புடைத்து நிற்கும். பாத்ரூம் போக அனுமதி கேட்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வோம். அதனால் நீர்க்கடுப்பு வரும். இதையெல்லாம் நாங்கள் வியாதி என்று பேசினோமே தவிர, வேலையோடு சேர்த்துப் பேசியதில்லை.

சேர்த்துப் பேச வைத்தவர் எங்களோடு பில்லிங்கில் இருந்த பாலக்காட்டு அக்கா. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் கழிப்பறை கேட்டுக் கிளம்பிய கதையை அவர்தான் சொன்னார். விஜி என்ற தையல்காரப் பெண் 'பெண்கூட்டு' என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார். முதலில் கழிப்பறை, அப்புறம் உட்காரும் உரிமை. திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்கள் 2014 கடைசியில் கடை வாசலில் உட்கார்ந்தவர்கள் மாதக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. 2018-ல் கேரள அரசு உட்காரும் உரிமையைச் சேர்த்துக் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு பிபிசி வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இருந்தது. அந்த அக்கா சொல்லும்போது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது பட்டியல் இல்லை. மூத்திரம் போக இடம் கேட்பதை ஒரு கோரிக்கையாக வெளியில் சொல்ல முடியும் என்பதுதான்.

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6 அன்று சட்டசபையில் இதற்கான திருத்த மசோதா வந்தது. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எல்லாப் பணியாளர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி செய்து தர வேண்டும், வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பது சாரம். ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. நாள் முழுக்க நிற்பதால் உடல்நலக் கோளாறுகள் வருகின்றன என்று மசோதாவின் நோக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். டீவியில் அந்தச் செய்தி ஓடிய மறுநாள் காலை நாங்கள் கடைக்குப் போனோம். எதுவும் மாறவில்லை. அடுத்த மாதமும் மாறவில்லை.

கேட்கலாம் என்று நான் வாயைத் திறந்தது அப்போதுதான். முதல் எதிர்ப்பு முதலாளியிடமிருந்து வரவில்லை, எங்கள் ஆட்களிடமிருந்தே வந்தது. "உனக்கெதுக்கு அம்மிணி இந்த வேலை?" என்றார்கள். "பேப்பர்ல பேர் வரணும்னு பாக்கறா" என்றார்கள். யாரோ பின்னால் இருந்து பணம் கொடுப்பதாகவும் பேச்சு வந்தது. வீட்டில் அம்மா மில் கதையை மறுபடி எடுத்தார். இதே ஆட்கள்தான் 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக வ.உ.சி. மைதானத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தபோது வீட்டில் தக்காளி சாதம் கிண்டி எடுத்துக்கொண்டு போனவர்கள். கடை முதலாளிகளும் தண்ணீர் பாக்கெட் மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். போராடுவது அவர்களுக்குப் பிடிக்காத விஷயமே இல்லை. அந்த மைதானத்தில் உட்கார்ந்தவனால் இவர்களின் சம்பளத்துக்கோ கல்லாவுக்கோ ஒரு ஆபத்தும் இல்லை. நான் கேட்ட ஸ்டூல் எங்கள் கவுன்டருக்குள் வர வேண்டிய ஸ்டூல். அது வந்தால் யாருக்கோ வேலை போகலாம், யாருக்கோ இன்கிரிமென்ட் நிற்கலாம். எங்கோ நடக்கும் போராட்டத்தை மெச்சுகிறவர்கள் பக்கத்து ஆள் எழுந்து நின்றால் பயப்படுவதற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் வராதவர்கள் மேல் கோபப்படுவதை விட்டேன். ஒவ்வொருவரும் என்ன இழப்பார்கள் என்று உட்கார்ந்து யோசித்தேன். தென் மாவட்டங்களில் இருந்து வந்து கடை ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்கள் எங்கள் மாடியில் பாதிப் பேர். அவர்களுக்குச் சோறும் படுக்கையும் முதலாளி கையில். ராத்திரி ஒன்பதரைக்கு வெளியே போ என்றால் இந்த ஊரில் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது. ஊரில் அப்பா அம்மாவுக்கு ஒரு போன் போனால் மறுநாளே பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். அவர்களைப் பார்த்து "ஏன் பயப்படறீங்க, ஒத்துமையா நிக்க வேண்டாமா" என்று பேசுவது கொடுமை. உள்ளூரில் வீடு இருக்கிற, வேறு கடையில் வேலை கிடைக்கக்கூடிய, பதினைந்து வருஷ சர்வீஸ் உள்ள என்னைப் போன்றவர்களுக்கு அபாயம் குறைவு. அதனால் எங்கள் பெயர் முன்னால் போனது. அவர்கள் பின்னால் இருந்து தகவல் கொடுத்தார்கள். எந்த மாடியில் எத்தனை மணிக்கு யார் மயங்கி விழுந்தது, சூப்பர்வைசர் என்ன சொன்னார் என்று அவர்கள் சொன்ன குறிப்புகள்தான் பிறகு மனுவுக்கு உயிர் கொடுத்தன. கூட்டத்துக்கு வராதவர்கள் என்று நாம் ஒதுக்கிவைக்கும் ஆட்களிடம்தான் பல சமயம் உண்மையான ஆதாரம் இருக்கிறது.

கையெழுத்து வாங்கும்போது ஒரு பழைய முறை உதவியது. வரிசையாக எழுதினால் முதல் பெயர்தான் தலைவி என்று நிர்வாகம் எடுத்துக்கொள்ளும். அதனால் தாளின் நடுவில் கோரிக்கையை எழுதி, சுற்றி வட்டமாகக் கையெழுத்துப் போட்டோம். யார் முதலில் போட்டது, யார் கடைசி என்று கண்டுபிடிக்க முடியாது. பாலக்காட்டு அக்கா சொன்ன யோசனை இது. தயங்கி நின்ற நாலைந்து பேர் அந்த வட்டத்தைப் பார்த்த பிறகு பேனாவை வாங்கினார்கள்.

கோரிக்கையையும் குறுக்கிக்கொண்டோம். சம்பள உயர்வு, ஓவர்டைம், ஹாஸ்டல் சாப்பாடு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாம் நியாயம்தான். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு நாளில் வேலை வாங்கக் கூடாது, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று அதே சட்டம் 1947-லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் முதல் மனுவில் இருக்கையை மட்டும் எழுதினோம். ஏனென்றால் அது கண்ணால் பார்த்தவுடன் தெரியும். ஸ்டூல் இருக்கிறதா, இல்லையா? ஆய்வுக்கு வருகிறவர் கணக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை, சாட்சி தேட வேண்டியதில்லை. முதல் தடவை கேட்கிறவர்கள் உடனே சரிபார்க்கக் கூடிய ஒன்றைக் கேட்பது நல்லது என்பது என் அனுபவம். அது கிடைத்துவிட்டால் அடுத்ததைக் கேட்க நாலு பேர் கூடுதலாக வருவார்கள்.

ஆதாரம் சேர்ப்பதில் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டு ஆஸ்பத்திரிச் சீட்டு பெரிய உதவி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. டிஸ்பென்சரிக்குப் போனால் கால் வலி என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லி, சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எங்களில் சிலருக்கு அப்படி எழுதித் தந்தார்கள். அந்தச் சீட்டுகளின் ஜெராக்ஸைப் பார்த்த பிறகு எங்களை வாயாடிகள் என்று சொன்ன ஒரு அண்ணன் பேச்சை நிறுத்தினார். அவர் மனைவியும் வேறொரு கடையில் நிற்கிறவர். இன்னொன்று, ஒரு சின்ன நோட்டு. தேதி, நேரம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். அன்றன்றைக்கு எழுத வேண்டும். மாதக் கடைசியில் யோசித்து எழுதியது நாம் பேசும்போதே ஆட்டம் காணும்.

மனுவை நிர்வாகத்திடம் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்துக் கேட்டோம். தரவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது, அது போதும். பதில் வராததால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு எழுதினோம். என்னோடு நின்ற ஒரு அக்காவின் மகள் காலேஜ் படிக்கிறவள். ஒரு வாடிக்கையாளராக அவளும் அரசின் புகார் எண்ணான 1100-க்கு போன் செய்து புகாரைப் பதிந்தாள். புகார் சொல்ல நாம்தான் வேலை பார்க்கிறவராக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. இது எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. வேலை போகும் பயம் இல்லாத ஒருவர் கேட்கும்போது கேள்வியின் கனம் குறைவதில்லை, கேட்பவரின் நஷ்டம்தான் குறைகிறது.

ஆய்வாளர் வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். அவர் கீழே மேனேஜர் ரூமில் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் குடோனில் இருந்து பிளாஸ்டிக் ஸ்டூல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியபடி மாடிக்கு வந்தன. விலைச் சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. கவுன்டருக்குப் பின்னால் ஆளுக்கொன்று வைத்து, "உட்காருங்க, உட்காருங்க" என்று சூப்பர்வைசர் ஓடினார். உட்கார்ந்தோம். ஆய்வாளர் வந்து பார்த்தார், எழுதினார், போனார். அரை மணி நேரத்தில் ஸ்டூல்கள் மறுபடி குடோனுக்குப் போய்விட்டன.

அன்று ராத்திரி பலர் சோர்ந்துபோனார்கள். இதுதான் நடக்கும்னு அப்பவே சொன்னேன் என்றார்கள். எனக்கு அது தோல்வியாகத் தெரியவில்லை. ஸ்டூல் கடையில் இருக்கிறது என்று அன்று தெரிந்துவிட்டது. வாங்கவே முடியாது, இடமே இல்லை என்று சொல்லிவந்த பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த மனுவில் இருக்கை கொடுங்கள் என்று எழுதவில்லை. ஆய்வு நடந்த நாளில் வைத்த ஸ்டூல்களை ஏன் அன்றே எடுத்தீர்கள் என்று எழுதினோம். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டத்தில் 22-ஏ பிரிவின் கீழ் எத்தனை கடைகளில் ஆய்வு செய்தார்கள், எத்தனை நோட்டீஸ் கொடுத்தார்கள் என்று கேட்டோம். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. எண்ணிக்கையை யாராவது கேட்கிறார்கள் என்று தெரிந்தாலே வேலை கொஞ்சம் வேகமெடுக்கிறது. இரண்டாவது ஆய்வு சொல்லாமல் கொள்ளாமல் வந்தது.

அதற்குப் பிறகு ஸ்டூல்கள் மாடியிலேயே தங்கின. தங்கிய பிறகுதான் இன்னொரு சிக்கல். அவை ரொம்பத் தாழ்வு. உட்கார்ந்தால் கவுன்டருக்கு மேல் எங்கள் நெற்றி மட்டும்தான் தெரியும். யார் வருகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, ஆள் இருக்கிறதா என்று வருகிறவருக்கும் தெரியாது. ஒரு அம்மா கவுன்டரைத் தட்டிக் கூப்பிட்டார். மேனேஜரிடம் போய்ச் சொன்னார். இதைக் காட்டியே எடுத்துவிடலாம் என்று பேச்சு நடந்தது. நாங்கள் பேங்க் கேஷியர் உட்காரும் உயரத்தில் ஸ்டூல் கேட்டோம். உட்கார்ந்தாலும் கண் கவுன்டருக்கு மேல் இருக்கும், எழுந்திருக்க முழங்காலை ஊன்ற வேண்டாம், கால் வைக்க ஒரு கம்பி இருக்கும். ஒரு செக்ஷனுக்கு முதலில் இரண்டு வந்தது. முறை வைத்து உட்கார்ந்தோம். உரிமை கேட்கிறவர்கள் இந்த மாதிரி உயரம், அகலம், கம்பி வரை யோசித்து வைத்திருக்க வேண்டும். கிடைத்தது பயன்படாமல் போனால், கேட்டதே தப்பு என்று ஊர் சொல்லிவிடும்.

சூப்பர்வைசரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் அவரைத் திட்டாதவர்கள் இல்லை. நானும் வலியோடு இருந்த நாட்களில் திட்டியிருக்கிறேன். ஆனால் அவரும் எங்களோடு பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவர். யாராவது உட்கார்ந்தால் கேமராவைப் பார்க்கிற மேலிடம் திட்டுவது அவரைத்தான். சட்டத்தில் எல்லாப் பணியாளருக்கும் என்றுதானே இருக்கிறது, உங்களுக்கும் சேர்த்துத்தான் அண்ணா கேட்கிறோம் என்று ஒரு நாள் அவரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரத்தில் இருந்து கூட்டமில்லாத நேரத்தில் யார் உட்கார்ந்தாலும் அவர் அந்தப் பக்கம் வருவதைக் குறைத்தார். நமக்கு எதிரே நிற்கிற ஆளுக்கும் நம் கோரிக்கையில் ஒரு பங்கு இருந்தால், அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். கேட்டுக்கொள்ளும் ஒருவரால் பாதி வேலை முடியும்.

கஸ்டமர்களின் பார்வை இரண்டு விதமாக இருந்தது. காசு கொடுத்து வாங்க வருகிறோம், உட்கார்ந்துகொண்டு காட்டுகிறார்கள் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. "நீ உக்காரு கண்ணு, நாங்களே எடுத்துப் பாக்கறோம்" என்று சொன்னவர்களும் உண்டு. அப்படிச் சொன்னவர்களில் நிறையப் பேர் வயதான பெண்கள், மில்லிலோ வயலிலோ நின்று வேலை பார்த்த கால்கள். கஸ்டமர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரும்போது மேனேஜர் எதிர்த்துப் பேசுவதில்லை. நாங்கள் மனு எழுதி வாங்க முடியாததை ஒரு பட்டுச்சேலை வாங்க வந்த பாட்டி இரண்டு நிமிடத்தில் வாங்கித் தந்ததைப் பார்த்திருக்கிறேன். இதை வாசிக்கிற நீங்கள் அடுத்த தடவை கடைக்குப் போகும்போது செய்யக்கூடியது இதுதான்: கவுன்டருக்குப் பின்னால் இருக்கை இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பெண்ணிடம் கேட்காதீர்கள், அவளால் பதில் சொல்ல முடியாது. பில் போடும்போது மேனேஜரிடம் கேளுங்கள்.

பணப் பேச்சை ஒரு நோட்டால்தான் நிறுத்தினோம். தபால் செலவு, ஜெராக்ஸ், பஸ் சார்ஜ் எல்லாம் ஆளுக்கு இருபது ரூபாய் போட்ட காசில் நடந்தது. யார் எவ்வளவு கொடுத்தார்கள், எதற்குச் செலவானது என்று எழுதி லஞ்ச் ரூமில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி வைத்தோம். பின்னால் இருந்து எவனோ கொடுக்கிறான் என்று சொன்னவர்களே அந்த நோட்டைப் புரட்டினார்கள். ஒரு சேனல்காரர் வந்து, கால் வீக்கத்தைக் காட்டி அழுதபடி பேசச் சொன்னார். மறுத்துவிட்டோம். அழுகையைக் காட்டினால் பாவம் என்பார்கள், சட்டப் பிரிவு எண்ணைச் சொன்னால் ஏன் அமல்படுத்தவில்லை என்று கேட்பார்கள். எங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

விலை கொடுக்காமல் முடிந்தது என்று சொன்னால் அது பொய். என்னைச் சேலை செக்ஷனில் இருந்து குடோனுக்கு மாற்றினார்கள். அங்கே இன்சென்டிவ் கிடையாது. மாதச் சம்பளத்தில் அது பெரிய ஓட்டை. வீட்டில் பல நாள் பேச்சு வார்த்தை நின்றது. அந்த நேரத்தில் எனக்குத் தைரியம் கொடுத்தது சட்டத்தின் இன்னொரு பிரிவு: ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்குப் பதில் சம்பளமும் இல்லாமல் நீக்க முடியாது, நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம் என்று அதே 1947 சட்டத்தின் 41-ஆவது பிரிவு சொல்கிறது. வாய்மொழியாக எதைச் சொன்னாலும் எழுத்தில் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எழுத்தில் தர யாரும் விரும்பவில்லை, அதனால் நீக்கவும் இல்லை. கேள்வி கேட்கக் கிளம்புகிறவர்கள் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, இஎஸ்ஐ, பி.எஃப். எண்கள் எல்லாவற்றின் நகலையும் முதலில் வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். வேலை பார்த்ததற்கு ஆதாரமே இல்லாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு பாடு ஒரு ஸ்டூலுக்கா என்று கேட்டவர்கள் உண்டு. இங்கிலாந்தில் 1899-லேயே கடைகளில் மூன்று பெண் பணியாளர்களுக்கு ஒரு இருக்கையாவது இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நம் நாட்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1948-லேயே, நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 44-ஆவது பிரிவில் எழுதிவிட்டது. மில்லுக்கு வந்தது கடைக்கு வர எழுபது வருஷத்துக்கு மேல் ஆனது. மில்லில் சங்கம் இருந்தது, கடையில் இல்லை. வேறு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. பம்பாய் மில் தொழிலாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்ததே 1890-ல், நாராயண் மேகாஜி லோகாண்டே பல வருஷம் கேட்டுப் போராடிய பிறகு. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்க வரிசையில் நிற்கும்போது யாரும் அவரை நினைப்பதில்லை. மிட்டாய்த் தெருவில் ஒரு தையல்காரப் பெண் கேட்க ஆரம்பித்தது பத்து வருஷத்துக்கு மேல் நடந்து நடந்து கோயம்புத்தூரில் எங்கள் மாடிக்கு வந்தது. நடுவில் அரசாங்கம் சட்டம் போட்டது, அதற்கு நன்றி. சட்டத்துக்கு முன்னாலும் ஆள் கேட்க வேண்டியிருந்தது, சட்டம் வந்த பின்னாலும் ஆள் கேட்க வேண்டியிருந்தது. கேட்ட அந்த ஆட்களை அந்தந்தக் காலத்தில் அக்கம்பக்கம் வேலையற்றவர்கள் என்றுதான் சொல்லியிருக்கும். அம்மா இப்போது மில் கதையைச் சொல்வதில்லை. என் தங்கச்சி மகள் மெடிக்கல் ஷாப் வேலைக்குப் போனபோது, "உக்கார சேர் இருக்குதான்னு மொதல்ல கேளு" என்று சொல்லி அனுப்பினார்.

இன்னும் முடியாத ஒன்று இருக்கிறது. எங்கள் கடை வாசலில் கதவைத் திறந்துவிட்டு வணக்கம் சொல்லும் செக்யூரிட்டி பெரியவர் இன்றும் வெயிலில் நிற்கிறார். அவர் ஏஜென்சி ஆள், எங்கள் பணியாளர் இல்லை என்று கடை சொல்கிறது. இருக்கை கொடுக்க வேண்டியது கடைதான் என்று ஏஜென்சி சொல்கிறது. 22-ஏ பிரிவு எல்லாப் பணியாளர்களையும் சொல்கிறது என்பதை வைத்து இரண்டு பேருக்கும் தனித்தனியாக மனு எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்து அவருடையது வேண்டாம், நாங்கள் போடுகிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டோம். ஐப்பசி வந்துவிட்டால் தீபாவளிக் கூட்டத்தில் நிர்வாகமும் பேசாது, ஆய்வும் நடக்காது, எங்களுக்கும் நிமிர நேரம் இருக்காது. அதனால் புரட்டாசி முதல் வாரத்திலேயே தபாலில் போட்டுவிட வேண்டும். உங்கள் கடையிலும் இப்படி ஒன்றைக் கேட்பதாக இருந்தால் மாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடித் தள்ளுபடி முடிந்து தீபாவளி தொடங்குவதற்கு முன் உள்ள அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் நேரம்.